மூடியில் ஒரு பொட்டு

ரப்பர் குழாயை உழவு மெசினின் எண்ணெய்த் தாங்கிக்குள் விட்டு வாயால் இழுத்தபோது ஒரு மிடறு டீசல் தொண்டைக்குள் போய்விட்டது. வரம்பில் குந்தியிருந்து சத்தி எடுத்தேன். கலப்படமோ என்று பார்க்கத்தான் இழுத்தேன். நல்ல டீசல்தான். அதுவும் குமட்டத்தான் செய்யும்.

பின்னால் நடந்து ஓட்டுகிற என் இரண்டு சில்லு உழவு மெசினுக்கு மூத்த மகளைவிட வயசு கூட. பட்டி மாற்றி, எண்ணெய் மாற்றி வைத்திருக்கிறேன். ஒருநாளும் வயலில் காலை வாரினதில்லை. விஜயதசமி கழிந்த கையோடு இந்தச் சனியன் பிடித்தது. நாலு சால் ஓடும், இருமும், நிற்கும். தாங்கி மூடியைக் கழற்றி டீசல் இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப மூடிக் கைபிடியைச் சுழற்றினால் ஒன்றும் நடவாததுபோல ஓடும். பிறகும் நாலு சால்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முதல் புழுதியில் விதைக்காவிட்டால் இந்தப் போகம் இல்லை. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவனுக்கு வயலை விட்டால் வேறென்ன? மெக்கானிக் வந்து பம்பைக் கழற்றிப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார். அவர் றோட்டில் ஏற முதல் நின்றுவிட்டது. அவரிலும் வெறுப்பு, மெசினிலும் வெறுப்பு. கை கழுவிச் சோறு பிசைந்தாலும் கிறீஸ்தான் மணத்தது.

சத்தி எடுத்து நிமிர்ந்தால், மனைவியின் தம்பி வேலியோடு சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றான். கொடிகாமத்தில் பழைய இரும்பு எடுக்கிற ஆளைத் தெரியுமாம்.

"உதோடை மாரடிக்கிறதுக்கு ஒரு சோடி மாடு வாங்கியிருக்கலாம் அத்தான். வரச் சொல்லட்டோ?"

"ஓம், சொல்லு."

வாயில் டீசலோடு வேறென்ன வரும்? அவன் போன் எடுத்துக் கதைத்தான். மெசினை ஒழுங்கை வரை கொண்டுபோவோம் என்று ஓட்டினேன். வழமைபோல நின்றது. மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. இத்தனை நாளும் என் புலம்பலில் கேட்காத சத்தம்.

மூடியின் நடுவில் காற்று உள்ளே போக ஒரு ஊசித் துளை உண்டு; அது அடைத்தால் டீசல் கீழே இறங்காது. அதன்மேல் தடித்த சந்தனப் பொட்டு, காய்ந்து சீமெந்தாகி. ஆயுத பூசைக்கு மனைவி முன்தகட்டில்தான் பொட்டு வைப்பாள். பழுதாகிவிடுமோ, பழுதாகிவிடுமோ என்று நான் அரித்ததில் இம்முறை மூடிக்கும் ஒன்று வைத்திருக்கிறாள்.

வேலி முள்ளொன்றை முறித்துக் குத்தினேன். பிறகு மெசின் நிற்கவேயில்லை. இரும்புக்காரனை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். மூடியைப் பார்த்த தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வரம்பில் இருந்துவிட்டான்.

"உங்கடை மூக்கையும் சந்தனத்தாலை அடைச்சால் நாலடி போவியளோ அத்தான்?"

விதைத்து முடிய மழை வந்தது. வாற வருஷம் பொட்டு வேண்டாமோ என்று மனைவி முகம் சுருங்கிக் கேட்டாள். வை, துளைக்குத் தள்ளி வை என்றேன். ஏப்பம் விட்டேன். அப்போதும் டீசல் மணம்தான் வந்தது.