வனஜா திறந்த முதல் என்ஜின்

அய்யாசாமி மாமா ஆவடியை விட்டுக் கிளம்பியது தை மாதத்துக் கடைசி ஞாயிறு. முப்பத்திரண்டு வருடம் குடியிருந்த குவார்ட்டர்ஸின் சாவியை முந்தின நாளே ஒப்படைத்திருந்தார். நாகர்கோவில் வரை தன் பழைய ஃபியட்டிலேயே போவதாக முடிவு. கோவில்பதாகையில் வனஜா அக்காவின் ஷெட் முன்னால் நிறுத்தி, போய்வருகிறேன் என்றார். அக்கா பின்பக்கம் போய்க் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் புகைக்குழாய் முனையில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அப்புறம்தான் ஜன்னல் பக்கம் வந்தார்.

"சார், நாப்பதுல உருட்டிகினே போவாதீங்க. நல்லா மிதிச்சு ஏத்துங்க, அப்பாலிக்கா வுடுங்க. அப்பத்தான் புது ரிங்கு ஒக்காரும். மூவாயிரம் கிலோமீட்டர் ஆனதும் ஆயில் எவ்ளோ கொறைஞ்சிதுன்னு எனக்குச் சொல்லணும்."

மாமா தலையாட்டினார். அவர் வாழ்நாளில் நாற்பதைத் தாண்டியதில்லை என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

வனஜா பட்டாபிராமில் பிறந்தவர். அம்பத்தூரில் இருதயராஜ் என்பவரின் பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். பிரேக், கிளட்ச், வாட்டர் சர்வீஸ் எல்லாம் அவர் கையில்தான். என்ஜினை மட்டும் தொடவிடமாட்டார்கள். ஒரு நாள் கேட்டபோது, "ஒன் கை கழுவுறதுக்கு நல்லா கீதும்மா, அத ஏன் கெடுத்துக்கினு" என்றாராம் இருதயராஜ். அடுத்த மாதமே வனஜா தனியாக ஷெட் போட்டுவிட்டார். ஒரு வருடமாக பிரேக் வேலைதான் வந்துகொண்டிருந்தது. முதல் என்ஜின் மாமாவுடையது.

அது நீலமாகப் புகைந்துகொண்டிருந்தது. நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. என்ஜின் முடிந்துவிட்டது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று இருதயராஜ் சொல்லியிருந்தார். மூன்று வருட ஊர்சுற்றலுக்குப் பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இருந்த நான்தான் வண்டியை வனஜாவிடம் ஓட்டிப் போனேன். அவர் பிளக்கைக் கழற்றி அழுத்தத்தை அளந்தார். குறைவாக இருந்தது. அதே துளையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். முள் சட்டென்று ஏறியது. எண்ணெய் போய் அடைத்ததும் அழுத்தம் நிற்கிறது என்றால், தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள்தான், என்ஜின் அல்ல. தான் பிரித்துப் போட்ட பிறகும் இது புகைந்தால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எவனும் தனக்கு என்ஜின் தரமாட்டான் என்றார். அதைக் கவலையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

ஒரு வாரத்தில் பிஸ்டன்கள் வெளியே வந்தன. சிலிண்டர் சுவரை உரசுகல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் விழும்படி தேய்த்தார். அந்தக் கீறலில்தான் எண்ணெய் தங்கும். அதில் உரசித்தான் புது ரிங் சுவரோடு பொருந்தும். பிறகு சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, எண்ணெய் தடவி மூடிவைத்துவிட்டு உதிரி பாகம் வாங்கப் போனார்.

அவர் தம்பி சரவணக்குமார் ஆவடி ஆலையில் பாலிஷ் பிரிவில் இருப்பவர். அன்று அவருக்கு விடுமுறை. அக்காவுக்கு உதவலாம் என்று வந்தவர், மூடியிருந்த துணியை எடுத்துப் பார்த்திருக்கிறார். வனஜா திரும்பி வந்தபோது நான்கு சிலிண்டரும் மின்னின.

"உள்ள பூரா கீறலா இருந்திச்சுக்கா. எங்க செக்ஷன்ல இப்டி குடுத்தா இன்ஸ்பெக்ஷன்ல தூக்கி எறிஞ்சிடுவான். மூஞ்சியே தெரியுது பாரு."

வனஜா குனிந்து பார்த்தார். தெரிந்தது.

"மூஞ்சி பாக்கணும்னா ஊட்ல கண்ணாடி கீதுல்ல நைனா" என்றார்.

வழவழப்பான சுவரில் ரிங் வழுக்கிக்கொண்டே இருக்கும். பழைய புகையே திரும்ப வரும். மறுபடி கல் வைத்தால் சிலிண்டர் இன்னும் கொஞ்சம் அகலும். ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. சிலிண்டர் அகல அகல அதுவும் கூடும். கூடக் கூட அதன் வழியே அழுத்தம் கசியும். வனஜா மறுபடி கல்லை எடுத்தார். இந்த முறை நிமிடம் பார்த்து, நான்கையும் லேசாகத்தான் தேய்த்தார். தம்பியைப் பக்கத்திலேயே நிற்கவைத்து, வெந்நீர் ஊற்றச் சொன்னார். பிறகு ஒவ்வொரு ரிங்காக உள்ளே இறக்கி, இடைவெளியில் மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகிப் பார்த்தார். மூன்று சிலிண்டரில் அது எல்லைக்குள்ளேயே இருந்தது. நான்காவதில் இடைவெளி புத்தகத்தில் போட்டிருந்த கடைசி அளவில் வந்து நின்றது. ஒரு முடி கூடியிருந்தாலும் கையை விரித்திருக்க வேண்டும்.

மாமாவைக் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நாலாவது சிலிண்டர் எல்லையில் நிற்கிறது, வேண்டாமென்றால் வேறு என்ஜின் பிளாக் தேடலாம் என்றார். அது நிற்குமா என்று மட்டும் மாமா கேட்டார்.

"நான் போட்டது நிக்கும் சார்."

மாமா போனபின் தகவலே இல்லை. தம்பி இரண்டு மாதத்துக்கு ஷெட் பக்கம் வரவில்லை. வந்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்கட்டுமா என்று நான் பலமுறை சொன்னேன். மூவாயிரம் ஓடட்டும் என்று வனஜா மறுத்துவிட்டார். பிரேக் வேலைகள்தான் வந்தன.

புரட்டாசியில் ஒரு மதியம் அவருக்கு வாட்சப்பில் ஒரு படம் வந்தது. எண்ணெய் அளக்கும் கம்பி. மேல்கோட்டுக்குச் சற்றே கீழே, தேன் நிறத்தில் எண்ணெய். அடியில் மாமா எழுதியிருந்தார்:

"மூவாயிரத்துப் பத்து கிலோமீட்டர். நடுவில் எண்ணெய் ஊற்றவே இல்லை. மதுரை வரைக்கும் நாற்பதில்தான் போனேன். அப்புறம் உன்னிடம் என்ன சொல்வது என்று பயம் வந்து மிதித்துவிட்டேன். ஆரல்வாய்மொழியில் எண்பது. இங்கே பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு ஃபியட் வைத்திருக்கிறார், புகைகிறது. ரயிலில் ஏற்றி அனுப்பட்டுமா என்று கேட்கிறார்."