இருசம்மாள் சிரித்த காட்சி

மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். ஆனாலும் கடலூரில் கல்யாணமோ தேர்த் திருவிழாவோ, ஜெனரேட்டரும் லைட்டும் வேண்டுமென்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். பிச்சாவரத்துக்குப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கும் நாற்பது வருஷமாக நான்தான் வெளிச்சம் கொடுத்தேன். இதை எவனும் மறுக்க முடியாது.

கிள்ளையில் படகு ஓட்டும் தாண்டவராயன் அப்படித்தான் பழக்கமானான். என் லைட்டுகளைத் தண்ணீருக்குள் ஏற்றிப் போவான். ஒரு பல்பு உடைத்ததில்லை. அதனால் அவனைத் தவிர வேறு படகை நான் தொட்டதும் இல்லை.

சினிமா ராத்திரி எப்படியெல்லாம் மாறிற்று என்பதை நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். முதலில் உச்சி வெயிலில் கேமராவுக்கு முன் நீலக் கண்ணாடியைப் போட்டு எடுத்து, அதுதான் ராத்திரி என்றார்கள். கதாநாயகி நிலாவைப் பார்த்துப் பாடுவாள். காலடியில் வெயில் நிழல் கறுப்பாகக் கிடக்கும். பிறகு நிஜ ராத்திரியிலேயே வந்தார்கள். பெரிய லைட்டைக் கிரேனில் ஏற்றி, புகை போட்டு, சுரபுன்னைக் காட்டையே நீலமாக்கி விடுவேன்.

"உன் லைட்டுல திருடன் எங்க மச்சான் ஒளிவான்? பாவம், அவனும் பொழைக்க வாணாமா?" என்பான் தாண்டவராயன்.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த கம்பெனி வேறு தினுசு. கரையில் ஊர்ப் பெண்கள் இருட்டில் காத்து நிற்கும் காட்சி. தாண்டவராயன் மனைவி இருசம்மாளையும் நிறுத்தினார்கள். ஒரு கையில் அரிக்கேன் விளக்கு, இடுப்பில் யார் வீட்டுக் குழந்தையோ. நான் லைட்டைப் போட்டதும் கேமராமேன் ஓடி வந்தார்.

"அணைச்சிடுங்கய்யா. வெளக்கு வெளிச்சமே போதும்."

"மூஞ்சி தெரியாதே தம்பி."

"ராத்திரின்னா ராத்திரியாத்தான் இருக்கணும். இந்தக் கேமராவுக்கு அது போதும்."

அணைத்தேன். தாண்டவராயன் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போட்டுக் கொண்டிருந்தான். பின்னால் இருசம்மாள் சிரித்த சத்தம் கேட்டதாம். வீட்டுக்குப் போய் எதற்குச் சிரித்தாய் என்றானாம்.

"படம் வந்தா பாத்துக்க" என்றாளாம் அவள்.

படம் வருவதற்குள் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டு போய்விட்டது. அவளுக்குப் பல் கொஞ்சம் எடுப்பு. செல்போனைத் தூக்கினாலே வாயைக் கையால் மூடிக்கொள்வாள். ஆதார் அட்டையில் இருப்பது யாரோ மிரண்டுபோன பெண்பிள்ளை. இரண்டு கையும் வேலையாக இருந்து, வாயை மூடாமல் அவள் சிரித்தது அந்த ஒரு காட்சியில்தான். அதைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர தாண்டவராயன் வேறு பேச்சுப் பேசவில்லை.

படம் வந்ததும் என் காரில் சிதம்பரத்துத் தியேட்டருக்கு அவனை அழைத்துப் போனேன். காட்சி வந்தது. இருட்டில் ஒரு மஞ்சள் பொட்டு, சுற்றிலும் ஏதோ அசைவு, ஒரு சிரிப்புச் சத்தம். அவ்வளவுதான். நான் எழுந்து ஆபரேட்டர் தங்கராசுவிடம் போனேன். என் சொல்லைத் தட்டாதவன் அவன்.

"வெளிச்சத்த ஜாஸ்தி பண்ணுப்பா."

"முழுசாத்தான் வெச்சிருக்கேன் மாமா. படமே அப்புடித்தான் வந்திருக்குது. காலையிலேர்ந்து அத்தினி பேரும் என்னியத்தான் திட்டுறாங்க."

தாண்டவராயனோ தன் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டான். நான் சொல்லியும் கேட்கவில்லை. புதுச்சேரிக்குப் போய்க் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு வந்தான்.

போன மாதம் அந்தப் படம் அவன் வீட்டு டிவியில் நெட் வழியாகப் பார்க்கக் கிடைத்தது. அவன் மகள் வித்யா ரிமோட்டை அழுத்தி வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். கறுப்பு சாம்பலாயிற்று. விளக்கு வெள்ளையாக வீங்கிற்று. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈசல் மொய்ப்பதுபோலப் புள்ளிகள்.

"தெரியுதாப்பா?"

"வெளக்கு தெரியுது. இன்னொரு வாட்டி போடு."

போட்டாள். பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், உன்கிட்ட இருக்கிறதுலயே பெரிய லைட்டா ஒன்னு கொண்டாந்து அடிச்சா தெரியாதா?"

என் குடோனில் ஒரு தெருவையே பகலாக்கும் லைட்டுகள் இருக்கின்றன. ஆனால் அன்றைக்கு அவள்மேல் விழாத வெளிச்சத்தை இன்றைக்கு எதை வைத்து விழச் செய்வது? அந்தப் படத்துக்குள் அவள் முகமே இல்லை.

"கேட்டுப் பாக்குறேன்" என்றேன். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

"கேளு. உனக்குத் தெரியாத ஆளா?" என்றான் அவன். வித்யா மறுபடியும் பின்னால் ஓட்டினாள்.