டாக்டரம்மாவின் பிரேக்

“அழுத்துங்க… அப்படியே பிடிங்க… காலை எடுத்துடாதீங்க!”

டாக்டரம்மாவின் குரல் காருக்கு அடியிலிருந்து வருகிறது. மேலே அவர் கணவர் பிரேக்கை மிதித்தபடி பேப்பர் படிக்கிறார். ஒல்லியான ரப்பர் குழாய் வழியே காற்றுக் குமிழிகளோடு பிரேக் எண்ணெய் பாட்டிலில் இறங்குகிறது. குமிழி நின்றால்தான் மனிதருக்கு விடுதலை.

வாரமெல்லாம் ஊரார் வாயில் கைவைக்கும் பல் டாக்டர், ஞாயிறானால் தன்னைவிட வயதில் மூத்த இந்தக் காரின் சக்கரத்தைக் கழற்றிவிடுவார். மெக்கானிக் யாரையும் அண்டவிட மாட்டார். “பிரேக்குங்கிறது உசுரு. உசுரை அடுத்தவங்க கையில கொடுப்பாங்களா?” கடைவாய்ப் பல்லின் பின்புறம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக் கசிவு தேடுவார். துருப்பிடித்த போல்ட்டைத் திருகும்போது, “வலிக்காது, வலிக்காது” என்று வாய் தன்னால் சொல்லும்.

அந்த ஞாயிறு வேலை முடிந்ததும், ஊருக்குக் கிளம்பிய நாத்தனாரை ரயிலேற்றிவிட மூவரும் புறப்பட்டார்கள். தெரு இறக்கத்தில் டாக்டரம்மா பிரேக்கை மிதித்தார். பெடல் சொத்தென்று தரையில் போய் உட்கார்ந்தது. மறுபடி மிதித்தார். ஒன்றுமில்லை. கீழே முச்சந்தியில் ஒரு பஸ் குறுக்கே நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

“அண்ணி, மெதுவா!” என்றார் நாத்தனார்.

டாக்டரம்மா கியரைக் குறைத்தார், கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். கார் அலறிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி, பஸ்ஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பஸ் ஜன்னலில் இருந்த கைக்குழந்தை, காரைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டிச் சிரித்தது.

நாத்தனார் ஆட்டோவில் போனார். காரைக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். டாக்டரம்மா புடவையைக்கூட மாற்றாமல் அடியில் நுழைந்தார். பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாயைப் பிடித்திருந்த பட்டையைக் கழற்றினார். வெளியே தெரிந்த குழாயெல்லாம் அவர் துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. பட்டைக்கு அடியிலோ துரு அரித்து, ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. பழங்காலத்து வண்டி, ஒரு குழாய் போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு.

“இங்க மட்டும் நான் பார்க்கவே இல்லைங்க.” அந்தக் குரல் அவருடையது போலவே இல்லை. “அந்தக் குழந்தை… கை நீட்டிச்சுங்க.”

“அதான் ஒண்ணும் ஆகலையேம்மா. வேற குழாய் போட்டாப் போச்சு” என்றார் கணவர், காப்பிக்குச் சர்க்கரை கேட்கிற அதே குரலில்.

பிறகு இஸ்திரிச் சட்டையோடு தரையில் மல்லாந்து, மனைவியின் பக்கத்தில் நகர்ந்து வந்து, டார்ச்சை வாங்கிக் குழாய்மேல் பிடித்தார். வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது.