தொண்ணூறு விரல்கள்

சனூஸாவின் உம்மா ஒரே ஒரு தரம்தான் சொன்னார். நுஸ்ரத்துக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. "ரத்தம் ஒண்டெண்டு கடதாசியில வரட்டும், என்ட மகளெண்டு வாசல் திறக்கிறன். வராட்டி இந்தப் பக்கம் வராதீங்க."

சுனாமி அடித்தபோது நுஸ்ரத்துக்கு மூன்று வயதிருக்கலாம். அவளுடைய வரலாறே இந்த இருக்கலாம்தான். கிண்ணியா முகாமில் தனியே அழுதுகொண்டு நின்றவளை, பிள்ளையில்லாத மைமூனா தூக்கி வளர்த்துப் பேரும் வைத்தாள். போன வருடம் மைமூனா மௌத்தானாள். மைமூனாவின் தம்பி வீட்டை எடுத்துக்கொண்டார். நுஸ்ரத் ஒரு வாடகை அறையில் தையல் மெசினோடு தனித்துப் போனாள்.

அப்போதுதான் மூதூர் ஸஹாப்தீனின் கதை காதில் விழுந்தது. முதல் மனைவியைக் கடலுக்குக் கொடுத்தவர். மூன்று வயது மகளின் உடல் கிடைக்கவேயில்லை. மறுமணத்தில் பிறந்தவள் சனூஸா. மனுசன் இப்போது உயிரோடு இல்லை. சோதனைக்கென்று கபுறைத் தோண்ட யாரும் சம்மதிக்கவும் இல்லை. பழைய படத்தில் அந்தக் குழந்தையின் புருவத்தில் ஒரு தழும்பு. நுஸ்ரத்தின் புருவத்திலும் இருந்தது. சனூஸா அன்றைக்கே அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். உம்மா மசியவில்லை. தழும்பு இல்லாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார்.

கொழும்பு ஆய்வுகூடத்தில் டொக்டர் திலக்சன் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஆணிடம் எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். அதை அப்படியே எல்லா மகள்மாருக்கும் கொடுக்கிறான். தாய் வேறானாலும் தகப்பன் ஒருவரென்றால் அது இருவரிலும் இருக்கும். அந்தக் குரோமோசோமில் சோதித்த இடங்களிலெல்லாம் நுஸ்ரத்துக்கும் சனூஸாவுக்கும் பொருந்தியிருந்தது. நுஸ்ரத் அங்கேயே அழுதுவிட்டாள். டொக்டர் இன்னும் முடிக்கவில்லை. அந்த அடையாளங்கள் உங்கள் கரையில் அரிதா, பரவலா என்று ஒருவரும் பார்த்ததில்லையாம். அரிதென்றால் சகோதரி. பரவலென்றால் இந்தப் பொருத்தத்துக்கு மதிப்பில்லை. ஒருவருக்கொருவர் உறவில்லாத தொண்ணூறு பெண்களின் இரத்தம் வேண்டும்.

மாமன் மகளுக்கு மச்சானையே பார்த்துக் கட்டிவைக்கும் கரையில் உறவில்லாத தொண்ணூறு பேரைப் பிடிப்பதென்றால் சும்மாவா? ஆய்வுகூடத் தாதியோடு நுஸ்ரத் குறிஞ்சாக்கேணியிலிருந்து மூதூர் வரை நான்கு மாதம் நாயாய் அலைந்தாள். சில வீடுகளில் நாயை அவிழ்த்துவிடாத குறை. குறிஞ்சாக்கேணியில் மீன் விற்கும் பஸ்மியாதான் முதலில் விரலை நீட்டினாள். இந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு கிடைக்கட்டும் என்று துவாவும் கேட்டாள். அதைப் பார்த்துத்தான் மற்றப் பெண்கள் இரங்கினார்கள். கடைசி விரலில் ஊசி குத்திய அன்று நுஸ்ரத் சனூஸாவின் உம்மாவுக்கென்று ஒரு சட்டை தைக்கத் தொடங்கினாள்.

சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தபோது டொக்டர் போன் எடுத்தார். தொண்ணூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு நுஸ்ரத்தோடு அதே பொருத்தம். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிய கரை, அதே அடையாளங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றார். தங்கச்சி என்று எழுதித்தர ஏலாது, இல்லை என்றும் எழுத ஏலாது. மன்னிக்கச் சொன்னார். மன்னிக்க அவர் என்ன செய்தார்? வீடு வீடாகக் கெஞ்சி அந்த இரத்தத்தைச் சேர்த்தவள் இவளல்லவா? அந்த நான்கு மாதத்தையும் நினைத்து நுஸ்ரத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு சனூஸாவுக்கு எடுத்தாள்.

"என்ன ராத்தா, வந்திட்டுதா?"

"ஒண்டும் சொல்லேலாதாம்."

குசினிப் பக்கமிருந்து உம்மாவின் குரல், போனில் யாரென்று கேட்டது. சனூஸா உம்மாவுக்குக் கேட்கச் சொன்னாள்.

"ஆருமில்ல உம்மா. நம்பர் மாறி வந்திருக்கு."