பணம் கட்டும் பக்கம்

பட்டுக்கோட்டையில் ஒரு பாய் இணையத்தில் தேங்காய் எண்ணெய் விற்றார். அவருடைய கடைத்தளத்தைப் பராமரித்தவன் நான். தளத்தில் எதை மாற்றினாலும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தன் போனிலேயே ஒரு பாட்டில் ஆர்டர் போட்டுப் பார்ப்பார்.

பெருநாள் நெருங்கும் நேரத்தில் கடை மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிவந்தது. பழையதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. புதியதோ பிஎச்பி என்ற கணினி மொழியின் புது வெர்ஷனில்தான் ஓடும். அதையும் ஏற்றினேன். பணம் கட்டும் பக்கம் வெள்ளையாகிவிட்டது. பணம் வாங்கும் பிளக்-இன் என்ற துணை மென்பொருளுக்குப் புது வெர்ஷன் ஒத்துவரவில்லை. அதை உருவாக்கியவர்களுக்கு எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. எரிச்சலில் கீபோர்டைத் தள்ளினேன்.

"பழையபடியே மாத்திடவா பாய்? கடை ஓடும். ஆனா எவனாவது உள்ள புகுந்துடலாம்."

"வாங்குறவங்க கார்டு விவரம் போயிடுமா?"

"போகலாம்."

"அப்ப மூடியே வைங்க தம்பி."

பிளக்-இன்னை நானே திருத்தி எழுதினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பாய் ஆர்டர் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் போகலைங்க" என்பார். சரியானபோது பெருநாள் முடிந்திருந்தது, வியாபாரமும்தான்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இந்தப் புது வெர்ஷன் எத்தன நாளைக்குங்க தம்பி புதுசா இருக்கும்?" என்று கேட்டார்.

கோபமா, நிஜமான சந்தேகமா, முகத்தில் தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை.