குழாயில் இன்றைக்கு என்ன ஓடுகிறது

1. துடைக்கிற வேலை

பர்மாவில் அலோன் பகுதி ஆற்றங்கரையில் உள்ள ஒரு எண்ணெய் டிப்போவில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். என் பெயர் பாக்கியம், படிப்பு நாலாவது வரைதான். பேச்சும் அதிகம் வராது. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவும் அன்றைக்குத்தான் சேர்ந்தார். எனக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார்.

மேஸ்திரி ஊ ராஜு ஆளுக்கு ஒரு கட்டுப் பழைய லுங்கித் துணி கொடுத்தார். ஊ என்றால் இங்கே ஐயா மாதிரி.

"குழாய் ஜாயிண்டுல எண்ணெய் சொட்டும். துடைங்க. பக்கெட்டுல பிழிங்க. மறுபடியும் துடைங்க. அம்புட்டுத்தான் வேலை."

"சொட்டாம பண்ண முடியாதா மேஸ்திரி?" என்று அக்கா கேட்டார்.

"கேஸ்கட் மாத்தணும். அதுக்கு லைனை நிறுத்தணும். லைனை நிறுத்தினா சாயா என்னைய நிறுத்திடுவாரு. நீ துடைம்மா."

சாயா என்று அவர் சொன்னது மேனேஜரை. அந்த ஜாயிண்டுகளை நாங்கள் துடைத்துக்கொண்டேதான் இருந்தோம். கேஸ்கட் மாற்றியதை நான் பார்த்ததில்லை.

2. மதிலுக்கு வெளியே

ஆற்றுத் துறையில் எண்ணெய்ப் படகு வந்து நின்றால் எண்ணெய் குழாய் வழியாக டேங்கிக்கு வரும். அந்தக் குழாய் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் சாக்கடை ஓரமாகப் போகிறது. பாதி தூரம் கட்டையின் மேல், பாதி தூரம் சேற்றுக்குள். ஒரே குழாய்தான். ஒரு நாள் டீசல் வரும். இன்னொரு நாள் டட்சி வரும். பெட்ரோலுக்கு இங்கே டட்சி என்றுதான் பெயர். டிப்போ மதிலுக்கு உள்ளே துடைக்க நாங்கள் இருந்தோம். வெளியே சொட்டுவதைத் துடைக்க ஆள் கிடையாது. எல்லாம் சாக்கடையில் இறங்கி ஆற்றுக்குப் போகும்.

சாக்கடை ஓரத்துக் கஸூன் கீரையைப் பறித்துக் குழம்பு வைத்த காலம் உண்டு. பிறகு தண்டெல்லாம் கறுத்துப்போனது. லைன் கடைசியில் இருந்த கிணற்றுத் தண்ணீரில் வாடை வந்தது. முதலில் குடிப்பதை நிறுத்தினோம். அப்புறம் குளிப்பதையும் நிறுத்தினோம்.

மழைக்காலத்தில் சாக்கடை நிரம்பினால் எண்ணெய் மேலே ஏடு மாதிரி மிதக்கும். லைன் பெண்கள் பழைய லுங்கியைத் தண்ணீர் மேல் விரித்து, ஒற்றி எடுத்து, தகர டப்பாவில் பிழிவார்கள். தண்ணீர் அடியில் தங்கும், எண்ணெய் மேலே நிற்கும், அதை விளக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். பிழிந்த துணியையும் எறியமாட்டார்கள். மழையில் நமுத்த கரி சீக்கிரம் பற்றாது. அந்தத் துணியைக் கிழித்து அடுப்பில் திணித்தால்தான் பற்றும். கரண்டு இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால் எல்லார் வீட்டிலும் கரி அடுப்பு. டீசல் துணி மெதுவாக எரியும். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதனால் அது எண்ணெய்த் துணி, அவ்வளவுதான் என்று இருந்தார்கள்.

3. படகு மாறிய நாள்

பல வருஷம் துடைத்த பிறகு அஞ்சலை அக்கா முட்டிவலியால் வேலையை விட்டுவிட்டார். நான் போய்க்கொண்டிருந்தேன். நல்ல மழை. காலையில் டீசல் படகு போனது. மத்தியானம் டட்சி படகு வந்தது. கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வாடை அடித்தது. தினம் சொட்டுகிற வாடை இல்லை. கண் எரிந்தது.

மேஸ்திரியிடம் போய், "வெளிய ரொம்ப ஒழுகுதுங்க. டட்சிங்க" என்றேன்.

"என்னைக்கு ஒழுகல? பம்பை நிறுத்துனா படகுக்காரன் கத்துவான். எறக்கி முடிக்கட்டும், பாக்கலாம்."

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு லைன் வீடுகளுக்கு ஓடினேன். சாக்கடை ஓரம் பெண்கள் வரிசையாகக் குந்தி ஒற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் சொட்டிய டீசல் மேலே மினுங்கியது. அதோடு டட்சியும் கலந்திருந்தது.

"ஒத்தாதீங்க. டட்சி வருது. அடுப்பை அணைங்க."

"பாக்கியம் பேசிட்டா. அதான் மழை இந்தப் போடு போடுது" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராகத் தகரத்தைக் கீழே வைத்தார்கள்.

"அஞ்சலை அக்கா எங்க?"

"இப்பத்தான் துணியோட போச்சு. சோறு வைக்கணுமாம்."

அக்காவுக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. டிப்போவில் வெகு நாள் துடைத்தவர்களுக்கு அப்படித்தான் ஆகும், மல்லிகையும் தெரியாது, டட்சியும் தெரியாது. சாரல் அடிக்கிறது என்று கதவையும் சன்னலையும் சாத்தியிருந்தார். நான் கூப்பிட்டுக்கொண்டே அவர் வாசலுக்குப் போகும்போது உள்ளே சாக்கு மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

துணியிலிருந்த டட்சி ஒரேயடியாகப் பற்றி அறை முழுக்கத் தீயாக இருந்தது. ஈரச் சாக்கைப் போட்டு அவரைச் சுற்றி வெளியே இழுத்தோம்.

4. பிறகு

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு நினைவு இருந்தது. கைகளிலும் முகத்திலும் கட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"டீசல் துணிதானே பாக்கியம். எப்பவும் வைக்கிறதுதானே" என்றார்.

நான் "ஆமாக்கா" என்றேன். விடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

டிப்போ ஆபீசிலிருந்து ஒருவர் வந்து சாக்கடையைப் பார்த்தார். "இது எங்க எண்ணெய்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒழுகின இடத்தில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார்கள். மேலே மணல் கொட்டினார்கள். கொஞ்ச நாளில் மணலும் கறுத்தது. மேஸ்திரி அதற்குப்பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

இப்போது நான் வேலையில் இல்லை. குழாய் அங்கேயேதான் இருக்கிறது. அடுப்பு பற்றவைக்க வேறு வழி இல்லாததால் ஒற்றுகிறவர்கள் இன்னும் ஒற்றுகிறார்கள். படகு வந்து நின்றால் குடையை எடுத்துக்கொண்டு டிப்போ கேட்டுக்குப் போவேன். வாட்சுமேன் பர்மாப் பையன். "அப்வா, வேலைய விட்டும் விசாரணையா?" என்பான். அப்வா என்றால் பாட்டி. எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் குழாயில் இன்றைக்கு என்ன ஓடுகிறது என்று கேட்பேன்.

குழாய்க்குப் பக்கத்தில் குடியிருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நேற்று ஓடியதே இன்றைக்கும் ஓடும் என்று இருக்காதீர்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று வெளியே இருந்து தெரியாது. உங்கள் மூக்கையும் நம்பாதீர்கள். போய்க் கேளுங்கள். டட்சி என்று சொன்னால் திரும்பி வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டுங்கள். நான் இப்போதெல்லாம் அஞ்சலை அக்கா வீட்டிலிருந்துதான் தட்ட ஆரம்பிக்கிறேன். அங்கே வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள்.