அத்தையின் இடது கண்

என் அம்மாவுக்கு வலது கண் போனதற்குக் காரணம் அத்தை. டாக்டர் வேறு காரணம் சொன்னார்: வயதானவர்களுக்கு நெற்றிப்பொட்டில் ஓடும் ரத்தக்குழாய் வீங்கும், அப்போது கண்ணுக்குப் போகும் ரத்தமும் அடைத்துக்கொள்ளுமாம். இருக்கட்டும். நான் அத்தையைத்தான் சொல்வேன்.

அத்தை அப்பாவின் அக்கா, தையல்கடை முதலாளி. அம்மா அங்கே சட்டைகளில் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள். எழுபதை நெருங்கும்போது அம்மாவுக்குத் தலை சீவினால் பொட்டு வலித்தது, எதையாவது மென்றால் தாடை கடுத்தது. ஒரு கண் திரை போட்டதுபோல் இருட்டி, சற்று நேரத்தில் தெளிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டாள். பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்த நேரம்.

"வேலைன்னா மட்டும் கண்ணு இருட்டுதோ?" என்றாள் அத்தை.

கடையே சிரித்தது. அம்மா திரும்ப உட்கார்ந்து காஜா எடுத்தாள். அந்த வாரமே மறுபடி இருட்டியது, பிறகு தெளியவில்லை. மாத்திரை இன்னொரு கண்ணைத்தான் காப்பாற்றியது.

அத்தை அதை விதி என்றாள். அம்மாவைத் துணி மடிக்கும் வேலைக்கு மாற்றினாள். அம்மா மடித்தாள். தனக்கு ஒரு கண் போனாலும் எதிரிக்கு இரண்டும் போகவேண்டும் என்பார்களே, அம்மா அவ்வளவு பேராசைக்காரி இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அத்தைக்குத் தலையைத் தொட்டாலே வலித்தது. மெல்ல முடியாமல் சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள். ஒருநாள் துணி வெட்டும்போது இடது கண் மறைத்து, பிறகு சரியானது. கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று அம்மாவிடம்தான் சொன்னாள்.

"ஆமா அண்ணி, மாத்துங்க," என்றாள் அம்மா. நல்ல கண்ணாடிக் கடைக்கு வழியும் சொன்னாள்.

பக்கத்தில் இருந்த எனக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. வாயைத் திறக்கப் போனேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அத்தைமேல் எனக்கு இரக்கம் வரவில்லை, அம்மாவைக் கண்டுதான் பயம் வந்தது.

சில நாளில் அத்தை விழித்தபோது இடது கண்ணில் வெளிச்சமே இல்லை. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது அம்மா. வலது கண்ணாவது தங்கட்டும் என்று ஊசி போட்டார்கள். நீ இல்லாவிட்டால் நான் முழுக் குருடு என்று அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டாக்டருக்குக் கோபம். இத்தனை அறிகுறி இருந்தும் வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

"இதெல்லாம் யாருக்குத் தெரியும் டாக்டர்?" என்றாள் அத்தை.

"எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "அன்னைக்கே தெரியும் அண்ணி."

அத்தை கையை உதறப் பார்த்தாள். அம்மா விடவில்லை.